தனியார் என்றால் நன்கொடையா? ரைஸ் பல்கலைக்கழகம் பற்றி ஒரு கரூர் தந்தைக்குப் பதில்

கேள்வி: நாங்கள் கரூர். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அமெரிக்காவில் ஹூஸ்டனில் இருக்கும் ரைஸ் பல்கலைக்கழகத்தில்தான் இன்ஜினீயரிங் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அது தனியார் பல்கலைக்கழகமாம். நன்கொடை கேட்பார்களா? டெக்சாஸில் எம்.எஸ். படிக்கும் என் அண்ணன் மகன், "நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு வீடு எடுத்து முறை வைத்துச் சமைக்கிறோம் சித்தப்பா, வெளியில் யாரோடும் பழக்கமில்லை" என்கிறான். பெண்பிள்ளையை அப்படி அனுப்ப மனம் வரவில்லை. செலவு, விடுதி, சாப்பாடு, பாதுகாப்பு எல்லாம் எப்படி?

பதில்: உங்கள் அண்ணன் மகன் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்வதை உங்கள் மகளுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். எம்.எஸ். மாணவர் வாழும் அமெரிக்கா வேறு, பதினெட்டு வயதில் இளநிலைப் படிப்புக்குப் போகிற பிள்ளை வாழும் அமெரிக்கா வேறு. ரைஸில் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம். அதற்கு வருவதற்குள் நன்கொடை விஷயத்தை முடித்துவிடலாம்.

நம் ஊரில் தனியார் கல்லூரி என்றதும் ஒரு அறக்கட்டளையும் அதற்குப் பின்னால் ஒரு குடும்பமும் நினைவுக்கு வரும். ரைஸ் அப்படியல்ல. அரசு நடத்தவில்லை என்பதால் தனியார். அதற்கு முதலாளி கிடையாது, லாபம் பிரித்துக்கொள்ள ஆள் கிடையாது. அறங்காவலர் குழு நடத்துகிறது. "இவ்வளவு கொடுத்தால் சீட் வாங்கித் தருகிறேன்" என்று எந்த ஏஜென்டாவது பேசினால் போனை வைத்துவிடுங்கள்.

அப்படியானால் பணம் எங்கிருந்து வந்தது? அது ஒரு கொலைக் கதை. வில்லியம் மார்ஷ் ரைஸ் என்ற வணிகர் ஹூஸ்டனில் பருத்தி வியாபாரம் உட்படப் பல தொழில்களில் பெரும்பணம் சேர்த்தவர். அடிமைகளை வைத்திருந்தவரும்கூட. தன் சொத்தில் ஒரு கல்வி நிலையம் அமைய வேண்டும் என்று 1891இல் எழுதி வைத்தார். 1900 செப்டம்பர் 23 அன்று நியூயார்க் வீட்டில் அவருடைய வேலைக்காரரே குளோரோஃபார்ம் வைத்து அவரைக் கொன்றார். பின்னணியில் இருந்தவர் ஒரு வழக்கறிஞர். கையில் பொய் உயில் தயாராக இருந்தது. மாட்டிக்கொண்டது எப்படி என்றால், ரைஸ் கையெழுத்திட்டதுபோல் மறுநாள் வங்கிக்கு வந்த காசோலையில் அந்த வழக்கறிஞரின் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. வழக்கு முடிந்து, பணம் காப்பாற்றப்பட்டு, ரைஸ் இறந்து சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆன நாளில், 1912 செப்டம்பர் 23 அன்று, வகுப்புகள் தொடங்கின. அறுபதுகளின் நடுப்பகுதி வரை அங்கே கல்விக் கட்டணமே கிடையாது. ஆனால் வெள்ளையர் அல்லாதவருக்கு இடமும் கிடையாது. இந்த இரண்டையும் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் மாற்றினார்கள். அன்றைய மூலதனம் வளர்ந்து இன்று சுமார் 800 கோடி டாலர் நிதியாக நிற்கிறது.

உங்களுக்கு நேரடியாக உதவும் செய்தி அந்த நிதிதான். ரைஸில் கட்டணம், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுச் செலவு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. பார்த்ததும் தலை சுற்றும். ஆனால் எல்லாரும் அதைக் கட்டுவதில்லை. குடும்ப வருமானத்தைப் பொறுத்து உதவித்தொகை தருகிறார்கள். கடனாக அல்ல, மானியமாக. ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். 'ரைஸ் இன்வெஸ்ட்மென்ட்' என்ற பெயரில், குறிப்பிட்ட வருமானத்துக்குக் கீழே இருந்தால் முழுக் கட்டணமும் இலவசம் என்று படித்திருப்பீர்கள். அது அமெரிக்காவில் இருக்கும் மாணவர்களை மனதில் வைத்து வகுத்த திட்டம். இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவருக்குக் கணக்கு வேறு: உதவி கேட்கிறாரா இல்லையா என்பதையும் பார்த்துத்தான் இடம் தருவார்கள். கேட்டால் இடம் கிடைப்பது கடினமாகும். கிடைத்துவிட்டால், குடும்பத்தால் முடியாத தொகையை அவர்கள் ஏற்கிறார்கள்.

இங்கேதான் பல பெற்றோர் தப்புக்கணக்கு போடுகிறார்கள். "முதலில் உதவி வேண்டாம் என்று சொல்லி உள்ளே போய்விடுவோம், இரண்டாம் வருடம் கேட்டுக்கொள்வோம்" என்று. நடக்காது. சேரும்போது கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பிறகு கதவு திறப்பதில்லை. நாலு வருடச் செலவையும் கூட்டிப் பாருங்கள். முடியாது என்றால் முதல் நாளே சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற வருமான விவரப் படிவத்தை நிரப்பிக் கேளுங்கள். விண்ணப்பிக்கும் நூறு பேரில் பத்துப் பேருக்குக்கூட இடம் கிடைக்காத பல்கலைக்கழகம் இது. மகளிடம் வேறு ஏழெட்டு இடங்களுக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

சரி, விடுதி. நீங்கள் உண்மையில் கேட்க நினைத்த கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

ரைஸில் ஹாஸ்டல் என்ற பேச்சு கிடையாது, 'காலேஜ்' என்பார்கள். நாம் சொல்லும் கல்லூரி அல்ல. 1957இல் தொடங்கிய ஏற்பாடு இது: பேக்கர், ஹான்சன், வீஸ், லவெட், மார்ட்டெல் என்று பல ஆண்டுகளாகப் பதினொரு காலேஜ்கள், மாணவர்கள் கூடக்கூடப் புதிதாகக் கட்டவும் செய்கிறார்கள். ஏறத்தாழ 5,000 இளநிலை மாணவர்கள்தான் மொத்தமே. அவர்களை வகுப்பு, பாடம், நாடு எதையும் பார்க்காமல் கலந்து பிரித்துப் போடுகிறார்கள். இன்ஜினீயரிங் படிக்கும் உங்கள் மகளின் அறைத்தோழி வயலின் படிக்க வந்தவளாக இருக்கலாம். ஒரு காலேஜில் சேர்த்தால் பட்டம் வாங்கும்வரை அதுதான். இடையில் ஒரு வருடம் வெளியே வீடு எடுக்க நேர்ந்தாலும் (அறைகள் எல்லா வருடமும் எல்லாருக்கும் போதாது, இதை எதிர்பார்த்தே பட்ஜெட் போடுங்கள்) அந்தக் காலேஜின் பிள்ளைதான்.

ஒவ்வொரு காலேஜையும் ஒட்டி ஒரு வீடு இருக்கும். அதில் ஒரு பேராசிரியர் குடும்பத்தோடு குடியிருப்பார். 'மேஜிஸ்டர்' என்று பெயர். வார்டன் மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். இரவு ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்டும் வேலை அவருடையது அல்ல. காய்ச்சல் வந்தால், வீட்டு நினைப்பு வாட்டினால், பாடம் பிடிக்காமல் போனால் போய்ப் பேசுவதற்கு ஒரு பெரிய மனிதர், அவ்வளவுதான். காலேஜின் பட்ஜெட், விழா, அறை ஒதுக்கீடு எல்லாவற்றையும் மாணவர்களே தேர்தல் வைத்து நடத்துகிறார்கள். ஆணும் பெண்ணும் ஒரே கட்டடத்தில்தான் இருப்பார்கள். உங்களுக்கு இது ஒப்புக்கொள்ளக் கஷ்டமாக இருந்தால் மகளிடம் இப்போதே பேசிவிடுங்கள். விசா வந்த பிறகு பேசுவதில் பயன் இல்லை.

ராகிங் பயம் வேண்டாம். ஆகஸ்டில் வகுப்பு தொடங்குவதற்கு முந்தின வாரத்தை 'ஓ-வீக்' என்கிறார்கள். வாசலிலேயே சீனியர்கள் கூட்டமாக நின்று, புதிய மாணவரின் பெயரைக் கத்தி வரவேற்று, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுவார்கள். முதல் வருடத்தவர்கள் ஏழெட்டுப் பேருக்குச் சில சீனியர்கள் என்று குழு பிரித்து, பாடம் தேர்வு செய்வதிலிருந்து வங்கிக் கணக்கு வரை கூடவே இருந்து சொல்லித் தருவார்கள். அந்தக் குழு பெரும்பாலும் நாலு வருடமும் ஒட்டிக்கொள்ளும். உங்கள் அண்ணன் மகனுக்குக் கிடைக்காதது இதுதான். பணக்காரப் பிள்ளைகள் தங்களுக்குள் சேர்ந்துகொள்ளும் 'ஃப்ரெட்டர்னிட்டி' சங்கங்களும் ரைஸில் கிடையாது. காலேஜ் ஏற்பாடு இருப்பதால் அதற்குத் தேவையும் இல்லை.

வேடிக்கைகளும் உண்டு. லவெட் ஹால் என்ற பழைய கட்டடத்தின் நடுவே சாலிபோர்ட் என்று ஒரு வளைவு வாசல். சேரும்போது அதன் வழியாக உள்ளே வருவார்கள். பட்டம் வாங்குவதற்கு முன் அதன் வழியாக வெளியே போனால் பட்டம் கிடைக்காது என்று நம்பிக்கை. உலகத்தரமான இயற்பியல் மாணவர்கள்கூடச் சுற்றிக்கொண்டு போவார்கள். நம் ஊர்ப் பூனைச் சகுனத்துக்கு அண்ணன். வசந்த காலத்தில் 'பீர் பைக்' என்று ஒரு பந்தயம். காலேஜ்களுக்குள் போட்டி. ஒருவர் மடமடவென்று குடித்து முடித்தால் அடுத்தவர் சைக்கிளில் பாயலாம். பெயரைப் பார்த்துப் பதறாதீர்கள். டெக்சாஸில் மது அருந்த 21 வயது ஆக வேண்டும். தண்ணீர் குடித்தும் கலந்துகொள்ளலாம். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: மாதத்தில் 13ஆம் தேதி இரவு, ஒரு கூட்டம் உடம்பில் ஷேவிங் கிரீமை மட்டும் பூசிக்கொண்டு வளாகத்தைச் சுற்றி ஓடும். ஓடுவது கட்டாயமில்லை. கண்ணாடி ஜன்னலில் ஒட்டிவிட்டுப் போகும் நுரைத் தடங்களைக் காலையில் பார்க்கலாம்.

பாதுகாப்பு. டெக்சாஸ் என்றதும் துப்பாக்கி ஞாபகம் வருவது நியாயம். 2015இல் அந்த மாநிலம், உரிமம் பெற்றவர்கள் பல்கலைக்கழக வளாகத்துக்குள் மறைத்துத் துப்பாக்கி வைத்திருக்கலாம் என்று சட்டம் போட்டது. அரசுப் பல்கலைக்கழகங்கள் ஏற்க வேண்டியதாயிற்று. தனியார் மறுக்கலாம் என்று இடம் விட்டிருந்தார்கள், ரைஸ் மறுத்தது. நீங்கள் பயந்த அந்த 'தனியார்' என்ற சொல் இங்கே உங்கள் பக்கம் நிற்கிறது. வளாகத்துக்கென்று சொந்தப் போலீஸ் துறையும் உண்டு. சுமார் 300 ஏக்கர் வளாகம், சுற்றிலும் லைவ் ஓக் மரங்கள் குடை பிடித்த நடைபாதை, ஒரு சுற்று ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எதிரே டெக்சாஸ் மெடிக்கல் சென்டர் என்ற மாபெரும் மருத்துவமனைக் கூட்டம், பக்கத்தில் ஹெர்மன் பூங்கா. ஆள் நடமாட்டமுள்ள பகுதி. ஆனால் ஹூஸ்டன் கார்களுக்காகக் கட்டிய நகரம். வளாகத்தை ஒட்டி ஓடும் மெட்ரோ ரயிலை விட்டால் மற்ற இடங்களுக்கு வண்டி வேண்டும். நம் மளிகைச் சாமானும் டிபனும் கிடைக்கும் ஹில்கிராஃப்ட் பகுதிக்கு (மகாத்மா காந்தி டிஸ்ட்ரிக்ட் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்) நண்பர் காரில் போவதுதான் வழக்கம்.

மெடிக்கல் சென்டரைப் பார்த்து மனதை மாற்றிக்கொள்ள வேண்டாம். ரைஸில் மருத்துவக் கல்லூரி கிடையாது. அங்கே மருத்துவம் பட்டத்துக்குப் பிறகான படிப்பு, வெளிநாட்டவருக்கு இடம் கிடைப்பதும் அரிது.

வெயிலைப் பற்றிக் கேட்கவே இல்லை, கரூர்க்காரர் கேட்கவும் மாட்டார். வெயில் சமாளிக்கலாம், புழுக்கம்தான் சென்னையை நினைவுபடுத்தும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது செமஸ்டர் தொடங்கிய வாரமே வகுப்புகளை நிறுத்த வேண்டியிருந்தது. சேரும் வாரத்திலேயே குடை, டார்ச், பவர் பேங்க் கையில் இருக்கட்டும்.

சாப்பாடு. பெயரில்தான் ரைஸ். சாப்பாட்டுக்கூடத்தை 'சர்வரி' என்பார்கள். தட்டை எடுத்துக்கொண்டு வேண்டியதைப் போட்டுக்கொள்ளலாம், தினமும் சைவம் உண்டு. பருப்பு, கறி என்று எழுதி வைத்திருப்பதை நம் நாக்கு ஒப்புக்கொள்ளுமா என்பது வேறு விஷயம். முதல் மாதத்தில் பிள்ளைகள் பீட்ஸாவில் விழுவார்கள், மூன்றாம் மாதம் ஊறுகாய் கேட்டு போன் வரும். காலேஜ்களில் பொதுச் சமையலறை உண்டு. அறையில் குக்கர் வைக்கும் எண்ணத்தோடு பெட்டி கட்டாதீர்கள், விதியைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

படிப்பில் நம் பிள்ளைகளைத் தடுமாற வைப்பது கஷ்டமான கணக்கு அல்ல, 'ஹானர் கோட்' என்ற நேர்மை விதி. பல தேர்வுகளுக்குக் கேள்வித்தாளை வாங்கிக்கொண்டு அறைக்கே போய்விடலாம். மூன்று மணி நேரம், புத்தகம் பார்க்கக் கூடாது என்று இருக்கும். கண்காணிப்பாளர் கிடையாது. தனியே உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து, நேரம் முடிந்ததும் தானே பேனாவை வைத்துவிட்டு, 'அனுமதியில்லாத உதவி பெறவுமில்லை, கொடுக்கவுமில்லை' என்று உறுதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மீறினால் விசாரிப்பவர்களும் மாணவர்கள்தான். இடைநீக்கம் வரை போகும். வீட்டுப் பாடத்தைத் தோழியோடு சேர்ந்து செய்யலாமா, ஏ.ஐ. கருவியைத் தொடலாமா என்பது பாடத்துக்குப் பாடம் மாறும். "எல்லாரும் சேர்ந்துதானே செய்வோம்" என்ற நம் பள்ளிப் பழக்கத்தில் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. முதல் வாரத்தில் ஒவ்வொரு ஆசிரியரிடமும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்ஜினீயரிங் என்று போய், பிடிக்கவில்லை என்றால் பொருளாதாரத்துக்கோ உயிரியலுக்கோ மாறலாம். இரண்டாம் வருடம் முடிவதற்குள் முடிவு செய்தால் போதும். இசை, கட்டடக் கலை போன்றவை விதிவிலக்கு. ஆறு மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற அளவு இருப்பதால் ஆய்வுக்கூடத்தில் முதல் வருடமே இடம் கேட்கலாம். கரியின் புதிய வடிவமான ஃபுல்லரீனை 1985இல் கண்டுபிடித்தது இந்த வளாகத்தில்தான். அதற்காக இங்கிருந்த ராபர்ட் கர்ல், ரிச்சர்ட் ஸ்மாலி இருவருக்கும், பிரிட்டனின் ஹரால்ட் க்ரோட்டோவுக்கும் 1996இல் நோபல் பரிசு கிடைத்தது. விளையாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 1962இல் இங்குள்ள மைதானத்தில் நிலவுக்குப் போவது பற்றிப் பேசிய அமெரிக்க அதிபர் கென்னடியே, கடினமான காரியங்களுக்கு உதாரணமாக, "டெக்சாஸோடு (டெக்சாஸ் பல்கலைக்கழக அணியோடு) ரைஸ் ஏன் மோதுகிறது?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தார்.

கடைசியாக, விண்ணப்பத்தில் 'ரைஸ் பாக்ஸ்' என்று ஒன்று வரும். மகளைப் பற்றிச் சொல்லும் ஒரு படத்தை இணைக்க வேண்டும். ஓவியத் திறமையைச் சோதிப்பதற்கல்ல அது. மேடையில் கோப்பை வாங்கும் போட்டோவை வைக்க வேண்டாம், ஆயிரக்கணக்கானோர் அதைத்தான் அனுப்புவார்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தறி ஓடுகிறது என்றால், மகள் பழுது பார்த்த ஏதாவது ஒரு பாகம் மேசைமேல் கிடக்கிறது என்றால், அதைப் படமெடுக்கச் சொல்லுங்கள். எது என்பதை அவளே முடிவு செய்யட்டும்; நீங்கள் போனைப் பிடித்துக்கொண்டால் போதும்.