பிள்ளையின் ஆட்டத்தில் ரெஃப்ரியைத் திட்டினால் ஜெயிலா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருக்கிற பேட்டன் ரூஜுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஒன்பது வயது மகனைப் பொழுதுபோக்கு லீக் ஒன்றில் சாக்கருக்கு, அதாவது கால்பந்துக்கு, சேர்த்திருக்கிறீர்கள். பெற்றோர் கூட்டத்தில் கோச், ரெஃப்ரியிடம் வம்பு பண்ணினால் போலீஸ் கேஸ் ஆகும் என்று சொல்லியிருக்கிறார். அது நிஜமா, ரெஃப்ரி தப்பாக விசில் ஊதினாலும் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டுமா, பதினாலு வயது மகள் ரெஃப்ரி ஆக ஆசைப்படுகிறாளே விடலாமா என்று கேட்கிறீர்கள்.

கோச் சும்மா மிரட்டவில்லை. லூசியானாவில் 2019இல் இதற்கென்றே சட்டம் போட்டார்கள். பள்ளி ஆட்டம், பொழுதுபோக்கு லீக் ஆட்டம் இரண்டுக்கும் அது பொருந்தும். அடி விழுமோ என்று நடுவர் பயப்படும்படி ஒருவர் வேண்டுமென்றே பேசினாலோ நடந்துகொண்டாலோ, 500 டாலர் வரை அபராதம், 90 நாள் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். கூடவே 40 மணி நேரச் சமூகசேவை, சொந்தச் செலவில் ஆலோசனை வகுப்பு. கைநீட்டிவிட்டால் அதற்கு வேறு பிரிவு இருக்கிறது, அது இதைவிடக் கடுமை. மற்ற மாநிலங்களும் சும்மா இல்லை. இருபதுக்கும் மேற்பட்டவற்றில் நடுவர்களுக்கென்று ஏதாவது ஒரு சட்டம் உண்டு. கலிஃபோர்னியாவில் நடுவரை அடித்தால் 2,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை.

ஆக, "ரெஃப், கண்ணு தெரியலையா?" என்று கத்தினால் ஜெயிலுக்கு அனுப்பமாட்டார்கள். "ஆட்டம் முடியட்டும், வெளியே வா, பார்த்துக்கிறேன்" என்பது வேறு ரகம். நம்மூரில் கோபத்தில் சர்வசாதாரணமாக வாயில் வருகிற வசனம் அது, இங்கே மிரட்டல். மைதானக் கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டால் தப்பித்தோம் என்றும் நினைக்கவேண்டாம். நடுவர் கொடுத்த தீர்ப்புக்காக மைதானத்தின் பக்கத்திலேயே வைத்து மிரட்டினாலும் சட்டம் பாயும்.

ஒரு தடவை பத்து வயதுக்கு உட்பட்டோர் ஆட்டம் முடிந்ததும் ஒரு அப்பா ரெஃப்ரியின் பின்னாலேயே பார்க்கிங் வரைக்கும் நடந்தார். ஆறடி ஆள். ஆஃப்சைடு (பந்து வருமுன்பே எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டிப் போய் நிற்கிற தப்பு) ஏன் தரவில்லை என்று விரலை நீட்டி நீட்டிக் கேட்டுக்கொண்டே போனார். ரெஃப்ரி பதினைந்து வயதுப் பெண். கொடியையும் தண்ணீர் பாட்டிலையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கார்க் கதவைத் திறக்காமல் அப்படியே நின்றுவிட்டாள். வேறு பெற்றோர் இரண்டு பேர் நடுவில் போய் நின்றார்கள். போலீஸ் வரவில்லை. ஆனால் மிச்சப் பருவம் முழுக்க அவர் மைதானத்துப் பக்கமே வரக்கூடாது என்று லீக் சொல்லிவிட்டது. பிள்ளை ஆட வந்தான், அப்பா வரவில்லை.

இதில் வேடிக்கை, அந்தப் பெண் ஊதாமல் விட்டதுதான் சரி. இந்த வயதுக்கு மைதானத்தில், நடுக்கோட்டுக்கும் கோல் பக்கத்துப் பெனால்டி கட்டத்துக்கும் நடுவே, பில்ட்-அவுட் கோடு என்று ஒன்று போட்டிருப்பார்கள். நடுக்கோட்டுக்கும் அதற்கும் இடையில் ஆஃப்சைடு கிடையாது. வேண்டுமென்று பந்தைத் தலையால் முட்டினால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். கோல்கீப்பர் பந்தைக் கையிலிருந்து விட்டு உதைக்கவும் கூடாது. டிவியில் பெரியவர்கள் ஆட்டம் பார்த்துப் பழகிய நமக்கு இதெல்லாம் அநியாயத் தீர்ப்பாகத் தெரியும். பருவம் தொடங்குமுன் லீக் அனுப்புகிற விதித்தாளை ஒருமுறை படித்துவிடுங்கள். பாதி ஆத்திரம் அதிலேயே அடங்கிவிடும்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்றால், ஆள் கிடைப்பதில்லை. 2018-19க்குப் பிறகு சுமார் 50,000 பள்ளி நடுவர்கள் விலகிவிட்டதாகப் பள்ளி விளையாட்டுச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு சொன்னது. 2013இல் யூட்டாவில் மஞ்சள் அட்டை காட்டியதற்காக 17 வயது ஆட்டக்காரன் ஒருவன் ரெஃப்ரியை முகத்தில் குத்தினான். ஒரு வாரத்தில் அவர் இறந்துபோனார். நியூ ஜெர்சியில் டெப்ட்ஃபோர்டு என்ற ஊரின் பேஸ்பால் லீக் 2023இல் வேறு வழி கண்டுபிடித்தது. அம்பயரைத் திட்டும் பெற்றோர் தாங்களே மூன்று ஆட்டத்துக்கு அம்பயராக நின்ற பிறகுதான் மறுபடி வேடிக்கை பார்க்க வரலாம். எனக்குப் பிடித்த தண்டனை அதுதான்.

நிஜமாகவே தப்பான தீர்ப்பு என்று பட்டால் கோச்சிடம் விடுங்கள். ஒருநாள் கழித்து லீக்குக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். "வெளியே போங்கள்" என்று சொன்ன பிறகும் நின்று வாதாடுவதைவிடப் பெரிய முட்டாள்தனம் இல்லை, அதற்குத் தனியாகவே கேஸ் போடலாம்.

விசாவில் இருக்கிற நமக்கு 500 டாலர் ஒரு பொருட்டே இல்லை, கைதானால்தான் சிக்கல். விசா விண்ணப்பம், கிரீன் கார்டு படிவம், குடியுரிமைப் படிவம் மூன்றிலும் 'எப்போதாவது கைதானதுண்டா' என்ற கேள்வி வரும். வழக்குத் தள்ளுபடி ஆகியிருந்தாலும் குடியுரிமைப் படிவத்தில் சொல்லியே ஆகவேண்டும், கோர்ட் தாளையும் இணைக்கவேண்டும். உள்ளூர்க்காரர் ஒரு மாதத்தில் மறந்துவிடுகிற விஷயத்துக்கு நாம் வருடக்கணக்கில் வக்கீலுக்கு அழவேண்டியிருக்கும்.

சரி, மகள் விஷயம். தாராளமாகப் பயிற்சி வகுப்பில் சேருங்கள். அவள் வயதில் நிறையப் பேர் ஊதுகிறார்கள். சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் தொடங்கச் சொல்லுங்கள், முதல் சில வாரம் நீங்களும் கூடப் போங்கள். யாராவது எல்லை மீறினால், கோச்சைக் கூப்பிட்டு அந்த ஆள் போகும்வரை ஆட்டத்தை நிறுத்தி வைக்க அவளுக்கு அதிகாரம் உண்டு. அதை முதலிலேயே சொல்லி வையுங்கள். ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை: ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ரெஃப்ரிக்குக் காசு தருவார்கள். அவள் எச்-4 விசாவில் (வேலை விசாக்காரரின் மனைவி, பிள்ளைகளுக்குத் தருகிற விசா) இருந்தால் அது அனுமதியில்லாத வேலை ஆகிவிடும். மற்றவர்களுக்குச் சம்பளம் தருகிற வேலையை இலவசமாகச் செய்கிறேன் என்றாலும் சிக்கல் வரலாம். வகுப்பு முடிக்கட்டும், சான்றிதழ் வாங்கட்டும். விசில் ஊதப் போகுமுன் உங்கள் கம்பெனி வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.