கால்நடை கேள்வி–பதில்: டிரம்முக்குள் வேர்த்த மக்காச்சோளம்

கேள்வி: தை மாதம் அறுவடை செய்த மக்காச்சோளத்தை, மாடுகளுக்கும் கோழிகளுக்கும் என்று 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்களில் நிரப்பி, மூடியை இறுக்கி, தகரக் கொட்டகையில் வைத்திருந்தேன். எலி அண்டவில்லை, ஆனால் ஒரு டிரம்மைத் திறந்தபோது மேலடுக்கு கட்டி கட்டியாகப் பச்சைப் பூஞ்சணம் பூத்திருந்தது. காற்றுப் புகாத டிரம்முக்குள் ஈரம் எப்படி வந்தது? மீதியைக் கழுவிக் காயவைத்துக் கொடுக்கலாமா?
– வாசகர், பெரம்பலூர் மாவட்டம்

பதில்: ஈரம் வெளியிலிருந்து வரவில்லை, தானியத்துக்குள் இருந்த ஈரத்தையே நீங்கள் உள்ளே வைத்து மூடியிருக்கிறீர்கள். கையில் அள்ளிப் பார்க்கும்போது காய்ந்ததாகத் தோன்றும் மக்காச்சோளத்தில் 15 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருப்பது உண்டு. மாதக்கணக்கில் இருப்பு வைக்க வேண்டுமானால் அது 12 சதவீத அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். பகலில் தகரக் கூரையின் வெப்பத்தில் டிரம்முக்குள் ஆவியாகி மேலெழும் ஈரம், இரவில் மூடி குளிர்ந்ததும் அதன் அடியில் நீர்த்துளிகளாகப் படிந்து, மேலடுக்கை நனைக்கிறது. சாக்கில் இருந்திருந்தால் அந்த ஈரத்தில் ஒரு பகுதி வெளியேறியிருக்கும். நன்றாகக் காய்ந்த தானியத்துக்கு டிரம்மைவிடச் சிறந்த இடம் சிறு பண்ணையில் இல்லை; காயாத தானியத்துக்கு அதைவிட மோசமான இடமும் இல்லை.

ஈரப்பதமானி இல்லாதவர்கள் உப்பைக் கொண்டு சோதிக்கலாம். உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்கு மக்காச்சோளமும், நன்கு உலர்ந்த தூள் உப்பு இரண்டு மூன்று தேக்கரண்டியும் போட்டு, மூடி, ஓரிரு நிமிடம் குலுக்கிச் சற்று நேரம் வைத்துப் பாருங்கள். உப்பு பாட்டிலின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டால் ஈரம் 15 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. ஒட்டாவிட்டால் அதற்குக் கீழே இருக்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆகவே அதன் பிறகும் களத்தில் தார்ப்பாய் விரித்து இரண்டொரு வெயில் காட்டி, சூடு முழுவதும் ஆறிய பின்னரே நிரப்புங்கள். டிரம்மைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி, மரப்பலகையின் மேல், வெயில் படாத பக்கம் வையுங்கள்.

பூஞ்சணம் பிடித்ததைக் கழுவிக் கொடுக்கவே கூடாது. பச்சைப் பூஞ்சணம் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கும் வகையாக இருக்கலாம். அந்த நஞ்சு கழுவினாலும் முழுமையாகப் போகாது, வேகவைத்தாலும் அழியாது. மாடு தின்றால் அதன் ஒரு பகுதி பாலிலும் இறங்கும். கட்டிகளைக் கோழிக்குப் போட்டுத் தீர்த்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கோழியும், அதைவிட வாத்தும், இந்த நஞ்சைத் தாங்க முடியாதவை. கட்டிகளை மண்ணில் புதைத்துவிடுங்கள். நஞ்சு கண்ணுக்குத் தெரியாது என்பதால், எஞ்சியதையும் நல்லது என்று உறுதியாகக் கொள்ள முடியாது. பல இடங்களிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துக் கலந்த மாதிரியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்தில் சோதித்த பிறகு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: கடைத் தீவனத்தை நிறுத்திவிட்டு, மக்காச்சோள மாவு, புண்ணாக்கு, தவிடு கலந்து வீட்டிலேயே தயாரிக்கிறேன். அதே டப்பாவால் அதே அளவுதான் கொடுக்கிறேன்; கலப்பினப் பசுக்களின் பால் குறைந்துவிட்டது. ஏன்?
– வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: டப்பா மாறவில்லை, அதற்குள் இருக்கும் எடை மாறிவிட்டது. கடையில் விற்கும் குருணைத் தீவனம் ஒரு கிலோ பிடிக்கும் டப்பாவில் தவிடு ஏறக்குறைய அரை கிலோதான் பிடிக்கும். தவிடு கூடக் கூட டப்பா இலேசாகும். தொங்கு தராசு ஒன்றை வாங்கி, ஒவ்வொரு முறை கலவை செய்யும்போதும் டப்பாவை ஒருமுறை நிறுத்து, அந்த எடையைச் சுவரில் எழுதி வையுங்கள். பசுவின் உடல் பராமரிப்புக்கு ஒன்றரை கிலோ, அதற்கு மேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்பது நடைமுறைக் கணக்கு. அதன்படி 8 லிட்டர் கறக்கும் பசுவுக்கு நாளொன்றுக்கு 4.7 கிலோவும், 12 லிட்டர் கறக்கும் பசுவுக்கு 6.3 கிலோவும் ஆகிறது. நல்ல பசுந்தீவனம் தாராளமாக இருந்தால் சற்றுக் குறைக்கலாம். இதை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். தீவனத்தை மாற்றும்போது ஏழெட்டு நாள் எடுத்துக்கொண்டு பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். அளவை உயர்த்தினால் பால் உயரும் என்று மாவை அள்ளிப் போடுவதும், மாட்டுப் பொங்கலன்று வயிறு நிறையப் பொங்கல் ஊட்டுவதும் ஒரே தவறுதான்: முதல் இரைப்பையில் அமிலம் பெருகி, மாடு அசைபோடுவதை நிறுத்தி, புளித்த வாடையுடன் கழிந்து, படுத்துவிடும். கட்டு அவிழ்ந்த மாடு தீவன அறைக்குள் புகுந்து தின்றுவிட்டது தெரிந்தால், அறிகுறிக்குக் காத்திராமல் உடனே மருத்துவரை அழையுங்கள். அறைக் கதவுக்கு, மாடு முட்டித் திறக்க முடியாத தாழ்ப்பாள் அவசியம்.

கேள்வி: வண்டுக்காகத் தீவனச் சாக்குகளுக்கிடையே அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைக்கலாமா? அறை வீட்டை ஒட்டியே இருக்கிறது.
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: கூடாது. அதிலிருந்து வெளிவரும் பாஸ்பீன் வாயு, சுவர் இடுக்கு வழியாகப் புகுந்து, உறங்குபவர்களைக் கொன்றுவிடும். அது பயிற்சி பெற்றவர்கள் மூடிய கிடங்குகளில் கையாள வேண்டியது. நன்கு காய்ந்த தானியத்தைச் சலித்து, காற்றுப் புகாத டிரம்மில் விளிம்பு வரை நிரப்பி மூடினால், உள்ளிருக்கும் வண்டுகள் மிச்சமுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுத் தாமே மடியும். அடிக்கடி திறந்தால் இந்த முறை பலிக்காது. ஆகவே அன்றாடச் செலவுக்குத் தனியாக ஒரு சிறு டின் வைத்துக்கொள்ளுங்கள்.