அறுபதாயிரமா, ஐயாயிரமா?

கேள்வி: என் ஆத்தாவுக்கு 71 வயது. சர்க்கரை, பி.பி. இரண்டும் உண்டு. மூட்டு வலிக்குப் போனபோது வைட்டமின் டி 11தான் இருக்கிறதென்று 60,000 கேப்சூல் எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றரை மாதமாகத் தினமும் ஒன்று கொடுக்கிறோம். அமெரிக்காவில் இருக்கும் தம்பி 5,000 யூனிட் பாட்டில் அனுப்பியிருக்கிறான். அது வீரியம் குறைந்ததா? நானோ மருந்து, ஊசி இவை இன்னும் நல்லவையா? டி மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று யூடியூபில் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது. முடி கொட்டுகிறது, நெஞ்சு கரிக்கிறது. மூன்று வாரமாகத் தாகம், இரவில் நாலைந்து தடவை சிறுநீர், மலச்சிக்கல், சாப்பாடும் பிடிக்கவில்லை. சர்க்கரை சரியாகத்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆத்தா கவிச்சி தொடமாட்டார், கேப்சூல் சைவமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: இன்று முதல் அந்தக் கேப்சூலை நிறுத்துங்கள். கால்சியம் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள். தம்பி அனுப்பிய பாட்டிலைத் திறக்க வேண்டாம்.

60,000 யூனிட் என்பது வாரத்துக்கு ஒன்று, வழக்கமாக எட்டு வாரம். அட்டையில் பெரும்பாலும் நாலு கேப்சூல்தான் இருக்கும், மாதக் கணக்குக்காக. எட்டு வாரத்துக்கும் சேர்த்து 4,80,000 யூனிட் போக வேண்டிய உடம்பில் ஒன்றரை மாதத்தில் 27 லட்சம் போயிருக்கிறது. சீட்டில் வாரம் ஒன்று என்று எழுதியிருந்ததா, கடையில் வாய்வழியாகச் சொன்னது மாறிப்போனதா என்ற விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கடிதத்தில் முடி கொட்டுவதற்குப் பிறகு போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, தாகம், இரவுச் சிறுநீர், மலச்சிக்கல், சாப்பாடு பிடிக்காதது – என் கவலை அதில்தான். சர்க்கரை நோயாளிக்குத் தாகம் என்றால் எல்லோரும் சர்க்கரையைத்தான் சந்தேகிப்பார்கள். அது சரியாக இருந்தும் தாகம் அடங்கவில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது ரத்தத்தில் கால்சியம். டி மிஞ்சினால் குடல் கால்சியத்தை அளவில்லாமல் உள்ளே இழுக்கிறது. ரத்தத்தில் அது ஏறியதும் சிறுநீரகத்தால் நீரைப் பிடித்துவைக்க முடியாமல் போகிறது; சிறுநீர் கொட்டுகிறது, நாக்கு வறள்கிறது. உடம்பில் நீர் வற்ற வற்ற கால்சியம் வெளியேறுவதும் குறைந்து, இன்னும் ஏறுகிறது. குடல் மந்தமாகி மலம் கட்டுகிறது. கிட்னி கெடும் வழி இதுதான். வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று முடித்திருந்தால் சாதாரணமாக இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

நாளைக் காலை சீரம் கால்சியம், ஆல்புமின், கிரியாட்டினின், 25 ஹைட்ராக்சி வைட்டமின் டி நான்கும் பாருங்கள். முதல் மூன்றும் அன்றைக்கே கிடைத்துவிடும். டி முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். கால்சியம் 10.5க்குள் இருந்தால் மூச்சு விடலாம். அதற்கு மேல் 12 வரை என்றால் அன்றே டாக்டரைப் பாருங்கள். 12ஐத் தாண்டினால் ஆஸ்பத்திரியில் சேர்த்து, சலைன் ஏற்றி இறக்க வேண்டும். வாந்தி, அசதியான தூக்கம், பேச்சில் குழப்பம், ஆளை அடையாளம் தெரியாமல் பேசுவது – இதில் ஒன்று வந்தாலும் லேபுக்குப் போய் நிற்காதீர்கள்; இரவானாலும் காரைக்குடி அரசு மருத்துவமனைக்கோ சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ நேராகக் கூட்டிப் போங்கள். வயசானால் அப்படித்தான் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பி.பி. மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். அதில் ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் கலந்திருந்தால் அதுவும் கால்சியத்தை ஏற்றும். நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டர் மாற்றிக் கொடுப்பார். இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுகிறவராக இருந்தால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். டி கொழுப்பில் தங்கி மெல்ல மெல்ல வெளியேறும் சரக்கு. அதனால் இன்று நிறுத்தினாலும் கால்சியம் சில வாரம் ஏறக்கூடும். ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள்.

இனி வீரியத்துக்கு வருவோம். 40 யூனிட் ஒரு மைக்ரோகிராம். 60,000 என்று மிரட்டும் கேப்சூலில் இருப்பது ஒன்றரை மில்லிகிராம்தான். வாரம் ஒன்று என்றால் நாளுக்குச் சுமார் 8,570 யூனிட். தம்பியின் 5,000 தினமும் போட்டால் வாரத்துக்கு 35,000. எண்ணைப் பார்த்து 12 மடங்கு என்று நினைப்பீர்கள், வாரக் கணக்கில் இரண்டு மடங்குகூட இல்லை. டாக்டர் சொல்லாமல் நாமாகச் சாப்பிட உச்ச வரம்பு நாளுக்கு 4,000. அந்த பாட்டிலோ அதையும் தாண்டியது. 'அமெரிக்கா மருந்து லேசானது' என்பது ஊர்ப்பேச்சு.

கேப்சூல், பாலில் கரைக்கும் பவுடர், நானோ பாட்டில் மூன்றிலும் யூனிட் ஒன்றென்றால் வேலையும் ஏறக்குறைய ஒன்றுதான். குடல் கெட்டு, கொழுப்புச் செரிக்காதவர்களுக்கு நானோ உதவலாம். மற்றவர்களுக்கு விலைதான் வீரியம். எதுவானாலும் எண்ணெய், நெய் சேர்ந்த மதியச் சாப்பாட்டுக்குப் பின் போட வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் காபியோடு விழுங்கினால் ஒரு பகுதி வீண். டியில் டி2, டி3 என்று இரண்டு வகை; டி2வைவிட டி3 அளவை நன்றாக ஏற்றும், கூடுதல் நாள் நிற்கும்.

கால்சிட்ரியால் 0.25 மைக்ரோகிராம் என்று பொடி எழுத்தில் அச்சிட்ட கேப்சூல் வேறு ஜாதி. அது சிறுநீரகம் பக்குவப்படுத்தி முடித்த டி. நேரே வேலையில் இறங்கும். கால்சியம் மாத்திரைகள் சிலவற்றில் அது ஒளிந்திருக்கிறது. ஆத்தாவின் மாத்திரையிலும் இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

ஊசி வேண்டவே வேண்டாம். 3 லட்சம், 6 லட்சம் என்று ஒரே குத்தில் போனதைத் திரும்ப எடுக்க வழியில்லை. 2010இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், 70 வயது தாண்டிய பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் வாய்வழி கொடுத்துப் பார்த்தார்கள். விழுவதும் எலும்பு முறிவதும் குறையவில்லை, கூடியது.

கால்சியமும் டி அளவும் இறங்கிய பிறகு, டாக்டர் சொன்னால் நாளுக்கு 1,000 யூனிட் அல்லது மாதம் ஒரு 60,000. மாதக் கேப்சூல் என்றால் காலண்டரில் தேதியைச் சுழித்துவிட்டு, மீதி அட்டையை ஆத்தா கைக்கு எட்டாமல் வையுங்கள். வளவு முற்றத்தில் வெயில் இறங்கும் 11 மணிவாக்கில் கை கால் வெயிலில் படும்படி கால் மணி நேரம் உட்காரட்டும். பட்டாலையில் நிழலில் சாய்ந்திருப்பது கணக்கில் வராது.

முடி கொட்டுவது இப்போதைக்குப் பொருட்டில்லை. நெஞ்சு கரிப்புக்கு நீங்களாகக் கடை ஜெலூசில் வாங்கி ஊற்ற வேண்டாம். கேப்சூலில் உள்ள டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்துக் கொழுப்பிலிருந்து எடுப்பது, ஆட்டை அறுத்து எடுப்பதில்லை. மேலுறை பல சமயம் ஜெலட்டின். ஆத்தாவுக்கு அது ஒப்பவில்லை என்றால், மறுபடி ஆரம்பிக்கும்போது லைக்கன் என்னும் பாசிக்காளானிலிருந்து எடுத்த சைவ டி3 கேட்டு வாங்குங்கள். மாதம் ஒன்றுதானே, வெள்ளிக்கிழமையைத் தவிர்ப்பதும் சிரமமில்லை.