வடகோடிக்கு ஒரு மோட்டார்ஹோம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் கணவர் அடுத்த ஆண்டு பணி ஓய்வு பெறுகிறார். கனடாவின் யூக்கோன் பகுதியில் ஒரு மோட்டார்ஹோமை (படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) வாடகைக்கு எடுத்து, டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை வழியாக ஆர்க்டிக் பெருங்கடல் வரை நாங்கள் இருவர் மட்டும் ஓட்டிச் செல்ல வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. எங்களிடம் இருப்பது இரண்டு வாரங்கள். கேமரன் மலைக்கே கண்ணை மூடிக்கொண்டு போகிறவள் நான். போகலாமா, வேண்டாமா?
– வாசகி, செந்தூல்

பதில்: போகலாம், சகோதரி. ஆனால் ஆர்க்டிக் கடல் வரை வேண்டாம். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். உங்கள் கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

டாசன் நகருக்கு அருகே தொடங்கி இனுவிக் வரை சுமார் 740 கிலோமீட்டர் செல்லும் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை 1979இல் திறக்கப்பட்டது. இனுவிக்கிலிருந்து கடலோரச் சிற்றூரான துக்தொயாக்துக் வரையிலான சாலை 2017 நவம்பரில்தான் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் சில கிலோமீட்டர்களை விட்டால், ஏறக்குறைய முழுவதும் சரளைக்கல் சாலைதான். தார் போடப் பணமில்லாமல் அப்படி விட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அங்கே நிலத்துக்கடியில் மண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கிறது. சாலையின் வெப்பம் கீழே இறங்கி அந்த மண் உருகினால் சாலையே அமிழ்ந்துவிடும் என்பதால், உறைந்த நிலத்தின்மேல் சரளையைத் தடிமனாகக் கொட்டி, அதை ஒரு கவசம் போலாக்கி அதன்மேல் வண்டிகளை ஓடவிட்டிருக்கிறார்கள். வெயிலில் அந்தச் சாலை புழுதி பறக்கும். மழை பெய்தால் சேறாகி வழுக்கும். கூர்மையான கற்கள் டயரைக் கிழிக்கும். எதிரே வரும் லாரி தெறிக்கவிடும் கல் முன்கண்ணாடியில் விழும்.

இதனால்தான் மோட்டார்ஹோம் வாடகை நிறுவனங்கள் பல, தங்கள் ஒப்பந்தத்தில் இந்தச் சாலையைப் பெயர் சொல்லியே தடை செய்கின்றன, அல்லது எழுத்துப்பூர்வமான அனுமதி கேட்கின்றன. தடையை மீறி ஓட்டினால் காப்புறுதி செல்லாது. வண்டியை இழுத்து வரும் செலவு முழுவதும் உங்கள் தலையில் விழும். ஆகவே விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே ஒப்பந்தத்தை வரவழைத்து, சரளைக்கல் சாலை பற்றிய பகுதியை இருவரும் உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

அடுத்தது எண்ணெய். டெம்ப்ஸ்டரின் தொடக்கத்திலிருந்து 369ஆவது கிலோமீட்டரில் உள்ள ஈகிள் பிளெயின்ஸ்தான் வழியில் எண்ணெய் கிடைக்கும் முதல் இடம். கோலாலம்பூரில் புறப்பட்டுப் பினாங்குப் பாலம் வரை ஒரு பெட்ரோல் நிலையமும், ஓர் ஓய்விடமும், ஒரு தேநீர்க் கடையும் இல்லை என்று எண்ணிப் பாருங்கள். நூறு கிலோமீட்டருக்கு இருபது லிட்டருக்கு மேல் குடிக்கும் வண்டி அது. ஈகிள் பிளெயின்ஸைத் தாண்டினால் பீல், மெக்கன்சி என்று இரண்டு பெரிய ஆறுகள். பாலம் கிடையாது, கோடையில் படகில்தான் வண்டியை ஏற்றிக் கடக்க வேண்டும். டாசனிலிருந்து கடற்கரைக்குப் போய்த் திரும்பினால் மட்டுமே 1,800 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். இரண்டு வாரத்தில் அது முடியாத காரியமல்ல. ஆனால் உங்கள் கணவர் சாலையைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டார், நீங்கள் அவரைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டீர்கள்.

என் யோசனை இதுதான். வான்கூவர் வழியாக வைட்ஹார்சுக்குப் பறந்து, அங்கே வண்டியை எடுங்கள். முதலில் மேற்கே, 1942இல் அமெரிக்க இராணுவம் சில மாதங்களிலேயே வெட்டிய அலாஸ்கா நெடுஞ்சாலையில், குளுவானி ஏரி வரை சென்று இரண்டு இரவுகளாவது தங்குங்கள். அந்த ஏரியின் நீலத்தையும் பின்னால் நிற்கும் மலைகளையும் பார்ப்பதற்கு எந்தச் சேற்றிலும் இறங்க வேண்டியதில்லை. பிறகு திரும்பி, வடக்கே ஏறக்குறைய 530 கிலோமீட்டர் தொலைவிலுள்ள டாசனுக்குச் செல்லுங்கள். 1896இல் அருகிலுள்ள ஓடையில் தங்கம் கிடைத்ததால் உருவான ஊர் அது. அங்கிருந்து டெம்ப்ஸ்டரின் 71ஆவது கிலோமீட்டரில் உள்ள டூம்ஸ்டோன் பூங்கா வரை போனாலே போதும். மரங்கள் குறைந்து, மலையும் பாசியும் சிறு புதருமாக நிலம் விரிவதை அங்கேயே பார்த்துவிடலாம். அதற்கும் ஒப்பந்தம் இடம் தராவிட்டால், வண்டியை டாசனில் நிறுத்திவிட்டு, சுற்றுலா வேன் ஏதும் போகிறதா என்று அங்கே விசாரியுங்கள்.

மாதம் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பர் முதல் வாரமும் நல்லவை. ஜூன், ஜூலையில் கொசு மொய்க்கும். இரவே இருட்டாது என்பதால் வடதுருவ ஒளியும் தெரியாது. ஆகஸ்ட் இறுதியில் கொசு குறைந்து, புதர்கள் சிவந்து, இரவும் திரும்பியிருக்கும். செப்டம்பர் போகப் போக, வண்டியை நிறுத்தி இரவு தங்கும் முகாம்கள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கும்.

கேள்வி: நம் நாட்டு கார் லைசென்ஸை வைத்துக்கொண்டு அங்கே மோட்டார்ஹோம் ஓட்டலாமா? அப்படியே அலாஸ்காவுக்கும் போய்வரலாமா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: வாடகைக்குக் கிடைக்கும் வழக்கமான மோட்டார்ஹோமுக்குக் கார் உரிமமே போதும். நம் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே. வழங்கும் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியை, அசல் உரிமத்துடன் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். அங்கே சாலையின் வலப்புறம் ஓட்ட வேண்டும்; முதல் நாள் ஊருக்குள்ளேயே ஓட்டிப் பழகுங்கள். யூக்கோனில் பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்பது சட்டம். மலேசியர்களுக்குக் கனடா விசா தேவை. கைரேகை பதிவும் உண்டு. அலாஸ்காவில் கால் வைக்க அமெரிக்க விசா தனியாக வேண்டும், வாடகை நிறுவனத்தின் சம்மதமும் வேண்டும்.

கேள்வி: நாங்கள் சைவம். ரைஸ் குக்கர், மிக்சி, இட்லி மாவு எல்லாம் எடுத்துப்போய் வண்டியிலேயே சமைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: ரைஸ் குக்கரையும் மிக்சியையும் வீட்டிலேயே விடுங்கள். நம்முடையவை 240 வோல்ட்டில் இயங்குபவை. கனடாவில் 120 வோல்ட்தான். மேலும், யூக்கோன் அரசு முகாம்களில் பொதுவாக மின் இணைப்பே கிடையாது (விறகு மட்டும் தருவார்கள்). வண்டியில் எரிவாயு அடுப்பு இருக்கும். ஒரு சிறிய பிரஷர் குக்கர் இருந்தால் சோறு, பருப்பு, காய் எல்லாம் முடிந்துவிடும். அரைத்த மாவு அந்தக் குளிரில் பொங்காது. ரவை உப்புமாவும் சப்பாத்தியும் கைகொடுக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். மோட்டார்ஹோமின் சமையல் இடமும் படுக்கையும் ஓரிரு அடி தூரத்தில் இருப்பதால், கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்த உடனே புகை எச்சரிக்கைக் கருவி அலறும். அதன் பேட்டரியைக் கழற்றாதீர்கள். கார்பன் மோனாக்சைடு நச்சு வாயுவையும் எரிவாயுக் கசிவையும் கண்டறியும் கருவிகளையும் தொடாதீர்கள். கூரைக் காற்றுப்போக்கியைத் திறந்து, விசிறியைப் போட்டு, ஜன்னலையும் திறந்துவிட்டுத் தாளியுங்கள். தாளிப்பு மணம் கரடிக்கும் பிடிக்கும் என்பதால், சட்டியையோ எச்சிலையோ குப்பையையோ ஒரு நிமிடம்கூட வெளியே வைக்கக் கூடாது. கரடி விரட்டும் மிளகுத் தெளிப்பானை விமானத்தில் கொண்டுபோக முடியாது, வைட்ஹார்சில் வாங்கலாம். கொசு மருந்து போல உடம்பில் அடித்துக்கொள்வதற்கல்ல அது. அலாஸ்கா எல்லை தாண்டுவதாக இருந்தால் பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம், அமெரிக்கச் சுங்கத்தில் பறிமுதல் செய்துவிடுவார்கள்.

கேள்வி: கழிவறை, தொலைபேசி, மருந்து: இந்த மூன்றையும் பற்றிச் சொல்லுங்கள். எனக்கு இனிப்பு நீர் உண்டு, இன்சுலின் போடுகிறேன்.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கழிவறை வண்டிக்குள்ளேயே இருக்கிறது; தொட்டியை ஊர்களில் உள்ள கழிவு வெளியேற்றும் நிலையத்தில் நீங்கள்தான் காலி செய்ய வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு முதலில் கழிவறைத் தொட்டியையும், பிறகு சமையல், குளியல் நீர்த் தொட்டியையும் திறந்துவிட்டால், பின்னால் வரும் நீர் குழாயைக் கழுவிவிடும். அருவருப்பாக இருக்கிறதே என்று தள்ளிப்போட்டால், தொட்டி நிரம்பும்போது ஊர் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்.

கைத்தொலைபேசி ஊர்களை ஒட்டித்தான் எடுக்கும். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வாடகைக்கு எடுங்கள். வண்டி பழுதானால் அதை விட்டு நடந்து போகாதீர்கள்.

இன்சுலினை மருத்துவரின் கடிதத்துடன், தேவையைவிடக் கூடுதலாக, விமானத்தில் கைப்பையிலேயே வைத்திருங்கள். அவசர மருத்துவ இடமாற்றச் செலவை ஏற்கும் பயணக் காப்புறுதியை, இனிப்பு நீர் இருப்பதை மறைக்காமல் அறிவித்து வாங்குங்கள். வெப்பம் மட்டும்தான் இன்சுலினுக்கு எதிரி என்று நம் ஊரில் பழகியிருக்கிறோம்; அங்கே செப்டம்பர் இரவில் வண்டிக்கு வெளியே வைத்தாலோ, குளிர்பெட்டியில் உறைபெட்டியை ஒட்டி வைத்தாலோ மருந்து உறைந்துவிடும். ஒருமுறை உறைந்த இன்சுலினை, மீண்டும் இளகிய பிறகும் போடக் கூடாது. படுக்கைக்குப் பக்கத்து அலமாரியில், சூடேற்றியின் காற்று நேரே படாத இடத்தில் வையுங்கள்.