வாசகர் கேள்வி: கற்பனை அணி, உண்மைக் காசு

கேள்வி: எங்கள் தோட்டத்து ஒட்டுக்கடையில் ஐபிஎல் பார்க்கும் இளைஞர்கள், மெய்யான ஆட்டக்காரர்களைத் தேர்ந்து இணையத்தில் கற்பனை அணி அமைத்து, அவர்கள் ஆடுவதற்கேற்பப் பரிசு பெறப் பணம் கட்டுவது சூதாட்டமன்று, திறமையே என்கின்றனர், விளம்பரங்களும் அவ்வாறே சொல்கின்றன. நம்பலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க அறிவு வேண்டும் என்பது மெய்தான், ஆனால் கட்டிய பணத்தில் தளம் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியையே பரிசாகப் பிரிப்பதால், ஆடுவோர் அனைவரையும் சேர்த்துக் கணக்கிட்டால் நட்டமே மிஞ்சும். விளம்பரமோ வென்றவரை மட்டுமே காட்டும் (ஓவருக்கு ஓவர் அதைப் பார்த்து எனக்கே அலுத்துவிட்டது). 2020இல் ஐபிஎல் போட்டிக்கே விளம்பரதாரராகப் பெயர் தந்த டிரீம்11 என்னும் கற்பனை அணித் தளம், 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராக இந்திய நாடாளுமன்றம் சட்டம் இயற்றியதும், கட்டணப் போட்டிகளை நிறுத்தியது. மலேசியாவிலும் உரிமம் பெறாத பந்தயம் 1953ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டப்படி குற்றமாகும்.