லேப் பதிவேடு கணினிக்கு மாறும்போது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் லேபில் முடிவுகளை எக்செல்லில்தான் பதிகிறோம். நன்றாகவே ஓடுகிறது. தனி மென்பொருள் அவசியமா?

பதில்: சிறுநீர்ப் பரிசோதனையில் சீழ் செல்கள் '2-4' என்று தட்டிப் பாருங்கள். அந்தக் கட்டத்தை முன்பே 'டெக்ஸ்ட்' என்று மாற்றியிருக்காவிட்டால் அது தேதியாகிவிடும். நோயாளி எண் '000482' வெறும் 482 ஆகும். இந்தத் தேதிக் கோளாறு ஆராய்ச்சியாளர்களையும் விடவில்லை. 'மார்ச்1', 'செப்ட்1' போன்ற மரபணுக் குறியீடுகளையே மாற்றிவிட்டார்கள். அதைவிட ஆபத்து, பெயர்கள் உள்ள பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அகர வரிசைப்படுத்துவது. ஒருவர் பெயருக்கு நேரே இன்னொருவர் முடிவு வந்து நிற்கும். எச்சரிக்கை வரும்தான், அவசரத்தில் யார் படிக்கிறார்கள்? மாதக் கணக்கு எடுக்க எக்செல் போதும். மூலப் பதிவேடாக வேண்டாம்.

கேள்வி: பயாப்சி பிளாக் (திசுத் துண்டைப் பதித்த மெழுகுக் கட்டி), ஸ்லைடுகளுக்கு எண் தருவது எப்படி? நோயாளி பெயரையே எழுதினால் என்ன?

பதில்: ஒரே பெயரில் இருவர் ஒரே நாளில் வருவதுண்டு. பெயர் கூடவே இருக்கட்டும், அடையாளம் எண்தான். 26-01482-பி-3-1 என்றால் 2026-இன் 1482-ஆவது கேஸ், இரண்டாவது மாதிரி டப்பா (பி), மூன்றாவது பிளாக், முதல் ஸ்லைடு. எண்ணைக் கணினியே தர வேண்டும். கையால் தட்டினால் இலக்கம் இடம் மாறும்.

எண் சரியாக இருந்தும் ஸ்லைடு மாறிப்போகும் இடம் மைக்ரோடோம் (பிளாக்கை மெல்லிய சீவல்களாக வெட்டும் கருவி) மேசை. எல்லா ஸ்லைடுக்கும் காலையிலேயே லேபிள் அடித்து அடுக்கிவிடுவார்கள். நடுவில் ஒன்று தவறினால் பின்னால் வருபவை அத்தனையும் ஒன்று தள்ளிப்போகும். பிளாக்கை ஸ்கேன் செய்ததும் அதற்குரிய லேபிள் மட்டும் அச்சாக வேண்டும். அந்தச் சீவலை ஸ்லைடில் எடுத்த பிறகே அடுத்த பிளாக்கைத் தொட வேண்டும். ஸ்டெயினிங்கில் (சாயமேற்றுவதில்) பயன்படும் ஆல்கஹாலும் சைலீனும் சாதாரண மார்க்கர் மையைக் கரைத்துவிடும், மலிவான ஒட்டு லேபிளையும் கழற்றிவிடும். பத்து ஸ்லைடை முழு ஸ்டெயினிங்கிலும் ஓட்டி, பிறகும் ஸ்கேனர் படிக்கிறதா என்று பார்த்தபின் மொத்தமாக வாங்குங்கள்.

கேள்வி: கையெழுத்தாகிப் போன ரிப்போர்ட்டில் பிழை தெரிந்தால் திறந்து திருத்தலாமா?

பதில்: கூடாது. பழைய வாசகம் அப்படியே இருக்க, 'திருத்திய அறிக்கை' என்ற தலைப்பில் புதியது வர வேண்டும். தேதி, நேரம், காரணம், திருத்தியவர் பெயர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். நோய் நிர்ணயமே மாறினால் டாக்டரை போனில் பிடியுங்கள். யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதையும் பதியுங்கள். இம்யூனோ (ஆன்டிபாடி கொண்டு செய்யும் கூடுதல் ஸ்டெயினிங்) முடிவு பின்னால் வந்து சேர்ந்தால் அது பிற்சேர்க்கை, திருத்தமல்ல. இரண்டையும் ஒரே பட்டனில் அடைத்த மென்பொருளை வாங்காதீர்கள்.

கேள்வி: சர்வர் நின்றுபோனால்?

பதில்: தனியாக ஒதுக்கிய எண்களில், உதாரணத்துக்கு 90001 முதல், அச்சடித்த லேபிள்களும் ஒரு தாள் பதிவேடும் தயாராக இருக்கட்டும். சர்வர் வந்ததும் அதே எண்ணில்தான் ஏற்ற வேண்டும்; புது எண் கொடுத்தால் ஒரு மாதிரிக்கு இரண்டு அடையாளம் ஆகிவிடும். பேக்கப்பை மாதம் ஒருமுறையாவது வேறொரு கணினியில் ஏற்றி, சில பழைய ரிப்போர்ட்டுகளைப் படங்களோடு திறந்து பாருங்கள்.