முதுமை, இழப்பு, கவுன்சலிங்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

முதியவர்களோடும், நெருங்கியவர்களைப் பறிகொடுத்தவர்களோடும் உட்கார்ந்து பேசுவதுதான் பல வருடங்களாக என் வேலை. நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அப்பாவுக்கு 78 வயது. அம்மா இறந்து 4 மாதம் ஆகிறது. கவுன்சலரிடம் போகலாம் என்றால், "இந்த வயசுல என்னை மாத்தி என்ன ஆகப்போகுது?" என்கிறார். அவர் சொல்வதும் சரிதானோ?

சரியில்லை. ஆனால் அப்பாவைக் குறை சொல்லவும் மாட்டேன். ஐம்பதை நெருங்கியவர்களின் மனம் வளைந்து கொடுக்காது, பேச்சு வழிச் சிகிச்சை அவர்களுக்கு ஒத்துவராது என்று, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டே எழுதியிருக்கிறார். அந்த எண்ணம் எங்கள் தொழிலிலேயே வெகுகாலம் ஊறிக் கிடந்தது. 1963இல் ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் அதை வேறு விதமாகப் பார்த்தார். வயதானவர்கள் பழைய கதையையே பேசுவது மூளைத் தளர்ச்சி இல்லை, வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து ஒரு முடிவுக்கு வரும் வேலை என்றார். என் அனுபவமும் அதுதான். எழுபதைத் தாண்டியவர்கள் சுற்றி வளைப்பதில்லை, சீக்கிரமே விஷயத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

அப்பாவிடம் "கவுன்சலிங்" என்ற சொல்லையே எடுக்காமல், "அம்மாவைப் பற்றிப் பேச ஒருவர் இருக்கிறார்" என்று சொல்லிப் பாருங்கள். காது மந்தம் என்றால் கவுன்சலரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். முகத்தில் வெளிச்சம் படும்படி எதிரே உட்கார்ந்து, நிதானமாகப் பேசுவார். நடக்க முடியாதவர்களுக்காக வீட்டுக்கே வருகிறவர்களும் உண்டு. அப்புறம், முதல் சந்திப்பில் நீங்கள் கூடவே உட்கார வேண்டாம். பிள்ளைகள் எதிரில் பெற்றவர்கள் அழ மாட்டார்கள்.

துக்கத்துக்கு 5 கட்டங்கள் உண்டாமே. எனக்குக் கோபம் வரவே இல்லை. ஏதாவது தவறா?

ஒரு தவறும் இல்லை அம்மா. எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற அந்த 5 கட்டங்களைச் சொன்னது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசிய பிறகு. இழந்தவர்கள் மேல் அதைப் போட்டுப் பார்த்தது பிற்பாடுதான். இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு எத்தனையோ பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 1999இல் ஸ்ட்ரோபே, ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்னது வாழ்க்கைக்கு இன்னும் நெருக்கமாக இருக்கிறது. மனம் சற்று நேரம் இழப்பில் மூழ்கும், சற்று நேரம் அன்றாட வேலைக்குத் திரும்பும், மறுபடி மூழ்கும். காலையில் சிரித்துவிட்டு மாலையில் அழுதால், துக்கம் அதன் வழியில் நடக்கிறது என்று அர்த்தம்.

இறந்துபோன கணவரின் குரல் சில நாள் கேட்கிறது. வெளியே சொல்லப் பயம்.

பயப்படாதீர்கள். 1971இல் டீவி ரீஸ் என்ற மருத்துவர், துணையை இழந்த 293 பேரைக் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார். ஏறக்குறையப் பாதிப் பேர் துணையின் இருப்பை ஏதோ ஒரு விதத்தில் உணர்ந்திருந்தார்கள். பலருக்கு அது ஆறுதலாகவே இருந்தது. உங்களைப் போலவே பெரும்பாலோர் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் குரல் உங்களை மிரட்டினாலோ, ஏதாவது செய்யச் சொன்னாலோ மட்டும் உடனே மருத்துவரிடம் போங்கள்.

எத்தனை நாள் வரை துக்கம் இயல்பு?

நாளை மட்டும் எண்ணிச் சொல்ல முடியாது. நீடித்த துக்கத்தை ஒரு கோளாறாகக் குறிக்க உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் குறைந்தது 6 மாதம் ஆகியிருக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2022ஆம் ஆண்டுக் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. ஆனால் காலம் கடந்தால் மட்டும் போதாது. ஏக்கம் தணியாமல் ஏறக்குறைய தினமும் வாட்டி, அன்றாட வாழ்க்கையே நின்றுபோயிருக்கிறதா என்றும் பார்க்கிறோம். திவச நாளில் மனம் உடைவது இதில் சேராது, அது 20 வருடம் கழித்தும் வரும்.

"நானும் அவள் போன இடத்துக்கே போயிடணும்" என்கிறார் தாத்தா. கேட்டும் கேட்காததுபோல் இருந்துவிடலாமா?

கூடாது தம்பி. பக்கத்தில் உட்கார்ந்து, "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா தாத்தா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, பலருக்குப் பாரம் இறங்கும். ஏக்கத்தில் அப்படிச் சொல்கிறவர்கள் நிறைய உண்டு. ஆனால் எப்படி என்று யோசித்து வைத்திருந்தாலோ, மாத்திரைகளைச் சேர்த்து வைத்திருந்தாலோ, பொருள்களைப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கியிருந்தாலோ அவரைத் தனியே விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

கவுன்சலர் மாத்திரை தருவாரா?

தரமாட்டார். மாத்திரை எழுதுவது மனநல மருத்துவரின் வேலை. தேவைப்பட்டால் கவுன்சலரே அங்கே அனுப்பிவைப்பார்.

மனைவிக்கு மறதிநோய். என்னை யாரென்றே தெரியவில்லை. அவள் உயிரோடு இருக்கும்போதே துக்கப்படுகிறேனே என்று குற்ற உணர்வாக இருக்கிறது.

ஐயா, நீங்கள் படுவது உண்மையான துக்கம்தான். ஆள் கண்முன் இருந்தும் இல்லாமல் போகும் இந்த நிலையைத் தெளிவற்ற இழப்பு என்று பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் பெயரிட்டார். யாரும் துக்கம் விசாரிக்க வராத இழப்பு இது, அதனால்தான் இவ்வளவு கனக்கிறது. கவுன்சலிங் மனைவிக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். உங்களுக்காக வாரம் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்துக்கு அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை ஏற்பாடு செய்யுங்கள். முதல் நாள் போகும்போது உங்கள் இருவரின் பழைய புகைப்படம் ஒன்றை எடுத்துப்போங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், அதைக் கையில் கொடுத்தால் போதும்.